கம்பிக்கும் கிளைக்கும் நடுவே ஒரு கம்பு ரம்பம்

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் அன்று 111.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1891-இல் பதிவான ஜூன் மாத ஒருநாள் மழைச் சாதனை அன்றோடு முறிந்தது. மழையைவிடக் காற்று செய்த சேதம் அதிகம். நூற்றுக்கணக்கான இடங்களில் மரங்களும் கிளைகளும் சாய்ந்தன. ட்ரினிட்டிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே மெட்ரோ தண்டவாளத்தின் மேலேயே கிளை விழுந்து ரயில் நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் பனசங்கரிப் பக்கம் பைக்கில் போய்க்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் மீது காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. சில நாட்கள் மருத்துவமனையில் போராடி அவர் இறந்துபோனார்.

இப்படி ஒரு மழைக்கு மறுநாள் காலையில் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரே கேள்விதான் ஓடும்: "நம்ம கேட்டுக்கு மேல தொங்குற கிளையை யார் வெட்டுறது?" மாநகராட்சியின் வனப் பிரிவுக்குப் புகார் போகும். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912-க்கு போன் போகும். இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் வருவதற்குள் யாராவது ஒருவர் இணையத்தில் ஒரு கருவியை ஆர்டர் செய்திருப்பார். நீண்டு சுருங்கும் கம்பு, அதன் நுனியில் எட்டு அல்லது பத்து அங்குலத்தில் குட்டிச் சங்கிலி ரம்பம், அடியில் ஒரு பேட்டரி. மரம் ஏறவேண்டாம், ஏணி வேண்டாம், ஆள் தேடவேண்டாம் என்று விளம்பரம் சொல்லும். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சு.

பெங்களூரில் இந்தக் கேள்வி இவ்வளவு அடிக்கடி எழுவதற்கு ஒரு வரலாறு உண்டு. டிரெஸ்டன் அருகே பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா வழியாக 1908-இல் லால்பாக்குக்கு வந்தவர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல். ஒரு தெருவில் பூ உதிரும்போது அடுத்த தெருவில் பூக்கவேண்டும் என்ற கணக்கில் சாலை மரங்களைத் தேர்ந்தெடுத்தவர் என்று நகரம் அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த பெரிய அலை 1980-களில் வந்தது. வன அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் சில ஆண்டுகளுக்குள் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகளை நகரம் முழுக்க நட்டார். 2021-இல் அவர் மறைந்தபோது, அவர் நட்டதில் பிழைத்தவை மூன்று மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன.

ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில்தான் முதிரும். தூங்குமூஞ்சி மரம், குல்மோஹர், பெருங்கொன்றை, ஆப்பிரிக்க டியூலிப் எல்லாமே வேகமாக வளர்ந்து சீக்கிரம் நிழல் தருபவை. அந்த வேகத்துக்கு விலையாகப் பலவற்றின் கட்டை மென்மையாகிவிடுகிறது. வேரைச் சுற்றிக் காங்கிரீட், பக்கத்தில் ஃபைபர் கேபிளுக்கு ஒரு பள்ளம், குடிநீர்க் குழாய்க்கு இன்னொன்று. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் நனைந்து கனத்த தலையோடு நிற்கும் இந்த மரங்கள் காற்றுக்குச் சாய்வதில் அதிசயமில்லை.

அதற்காக மரமே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் பணியாற்றியவர்களும் பெங்களூர்ச் சாலைகளில் அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மரமுள்ள பகுதியில் காற்றின் வெப்பநிலை 5.6 டிகிரி வரை குறைவாகவும், தார்ச்சாலையின் மேற்பரப்பு 27.5 டிகிரி வரை குளிர்ந்தும் இருந்தது. ஆக, நகரத்துக்கு மரமும் வேண்டும், மரத்துக்குக் கவாத்தும் வேண்டும். யார், எதை வைத்து, எங்கே நின்று வெட்டுவது என்பதில்தான் சிக்கல்.

சிக்கலின் பெயர் 11 கே.வி. துணை மின்நிலையத்திலிருந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போகும் 11 ஆயிரம் வோல்ட் கம்பி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு வீடுகளுக்குப் போவது 415 வோல்ட், ஒரு ஃபேஸுக்கு 240. நகரின் பல பகுதிகளில் பெஸ்காம் மேல்வழிக் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோயிருக்கிறது, அல்லது உறை போட்ட முறுக்குக் கேபிளாக மாற்றியிருக்கிறது. ஆனாலும் வெறும் அலுமினியக் கம்பி ஓடும் தெருக்கள் இன்னும் நிறைய. இந்தக் கம்பிகளின் ரகங்களுக்கு மின்வாரியப் புழக்கத்தில் ராபிட், வீசல், கொயோட் என்று விலங்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் முயல், மேலே ரப்பரோ பிளாஸ்டிக்கோ எதுவும் கிடையாது. வெயிலிலும் புகையிலும் கறுத்துப்போன கம்பியைக் கீழிருந்து பார்ப்பவருக்கு உறை போட்டதுபோலத் தெரியும். அதை நம்பிக் கை வைத்தவர் பிழைப்பது அரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, தெருவோரமாகப் போகும் 11 கே.வி. கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். தெருவைக் குறுக்கே கடந்தால் 6.1 மீட்டர். பயிற்சி இல்லாத எவரும், அவர் கையிலுள்ள கருவியையும் சேர்த்து, 50 ஆயிரம் வோல்ட் வரையிலான கம்பிக்குப் பத்து அடிக்குள், அதாவது மூன்று மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. 5.8-இல் மூன்றைக் கழித்தால் மிச்சம் 2.8 மீட்டர். சராசரி உயரமுள்ள ஒருவர் சாதாரணக் கைரம்பத்தைத் தூக்கிப் பிடித்தாலே அந்த உயரத்துக்கு எட்டும். அதாவது, விதிமுறைக் குறைந்தபட்ச உயரத்தில் ஓடும் கம்பிக்கு நேர் கீழே நிற்கும் மரத்தில் கம்பு ரம்பத்துக்கு வேலையே இல்லை. கருவி நிறுவனங்கள் சில இன்னும் கறார். ரம்பம் தயாரிக்கும் ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் கையேடு, மின்சாரம் ஓடும் கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றே வேலை செய்யச் சொல்கிறது. முப்பது அடிச் சாலையில் 15 மீட்டர் என்றால் எதிர்வீட்டுக்குள்ளேயே போய்விடும். ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ ஒரு குறுக்குத் தெருவில் நின்று இந்த நிபந்தனையை நிறைவேற்றுவது எப்படி என்று வாங்குபவர் முதலில் யோசிக்கவேண்டும்.

தரையில் நிற்பவருக்கே இந்தக் கணக்கு. நடைமுறையில் ஆட்கள் தரையில் நிற்பதில்லை. முதல் மாடி பால்கனியில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம், தண்ணீர் டேங்க் மேடையில் நிற்கிறார்கள். கட்டடத்துக்கும் 11 கே.வி. கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கூரைக்கு மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. பெங்களூரின் முப்பதுக்கு நாற்பது மனைகளில் பால்கனியை வெளியே இழுத்துக் கட்டி அந்த இடைவெளியைத் தின்ற வீடுகளைத் தேடிப் போகவேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தாலே போதும். அப்படி ஒரு பால்கனியில் நின்று இரண்டரை மீட்டர்க் கம்பை நீட்டுபவருக்கு கம்பி மேலே இல்லை, நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. அவர் கண் ரம்பத்தின் நுனியில் இருக்கும். கம்பின் நடுப்பகுதி எதன்மேல் சாய்கிறது என்பதை அவர் பார்க்கமாட்டார்.

கருவியின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1926-இல் ஆந்திரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியில் செய்த மின் சங்கிலி ரம்பம் 64 கிலோ எடை, பிடிக்க இரண்டு ஆள். 1940-களில் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, கட்டையைத் துளைத்துத் தின்னும் ஒரு வண்டின் புழு எப்படி இடமும் வலமுமாகக் கடிக்கிறது என்று உற்றுப் பார்த்து, சங்கிலிப் பற்களுக்குப் புதிய வடிவம் கொடுத்தார். 1947 முதல் விற்பனைக்கு வந்த அந்த வடிவத்தின் வழிவந்ததுதான் இன்று எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தொங்கும் சங்கிலியும். எடை மட்டும் நாலைந்து கிலோவுக்கு இறங்கிவிட்டது. லித்தியம் பேட்டரி வந்த பிறகு வயரும் போயிற்று.

வயர் போனதும் ஒரு தப்பெண்ணம் வந்து சேர்ந்தது. "பேட்டரி மெஷின் சார், ஷாக் அடிக்காது." மெஷினின் 20 வோல்ட் அடிக்காது என்பது சரி. மேலே போகும் 11 ஆயிரம் வோல்ட்டுக்கு அந்த பேட்டரி ஒரு பொருட்டே அல்ல. கம்பு பெரும்பாலும் அலுமினியம். மின்கம்பியும் அதே உலோகம்தான். கையாளும் இடத்தில் இருக்கும் ரப்பர் பிடி, கை வழுக்காமல் இருக்கத்தான். தோட்ட வேலைக்கான கையுறையும் கம்பூட்டும் இந்த அளவு மின்னழுத்தத்தைத் தடுக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. கண்ணாடி இழைக் கம்பு மேல். அதுவும் காய்ந்து, அழுக்கில்லாமல் இருக்கும்வரைதான். மழைக்கு மறுநாள் காலையில், மரத்தூளும் சங்கிலி எண்ணெயும் அப்பிய கம்பைப் பற்றி அந்த உத்தரவாதம் யாரும் தரமுடியாது.

கார்பன் ஃபைபர் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். தென் கன்னட மாவட்டத்துப் பாக்குத் தோட்டங்களில் 'தோட்டி' என்கிற நீளக் கம்பு சில ஆண்டுகளாகப் பிரபலம். தரையில் நின்றபடியே அறுபது அடி உயரத்துக் குலையை அறுத்து இறக்கலாம், மருந்தும் அடிக்கலாம். மரமேறும் ஆட்கள் அருகிவிட்ட காலத்தில் அது பெரிய வரம். கார்பன் ஃபைபர் இலேசானது, உலோகமில்லை. ஆகவே மின்சாரம் பாயாது என்று பலர் நினைக்கிறார்கள். பாயும். கார்பன் இழை நல்ல மின்கடத்தி. நம்மூர்த் தொரட்டியின் மூங்கில்கூட ஈரமாக இருந்தால் கடத்தும். பச்சைக் கிளையும் அப்படியே: சாறு நிறைந்த கிளை ஒன்று கம்பியில் சாய்ந்திருக்க, அதில் அலுமினியக் கம்பு ரம்பத்தை வைப்பவர் கம்பியைத் தொட்டவர்தான்.

மின்சாரம் தாக்கி நாட்டில் ஆண்டுதோறும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன. இதில் கம்பு, ஏணி, தொரட்டி வழியாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று தனிக்கணக்கு அதில் வருவதில்லை. வந்திருந்தால் கடைக்காரரின் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கும்.

மின்வாரியத்தார் எப்படி வெட்டுகிறார்கள்? அவர்கள் புழங்கும் சொல் 'லைன் கிளியர்'. சுருக்கமாக எல்.சி. கர்நாடகத்தில் பவர்மேன் என்று அழைக்கப்படும் ஊழியர், கிளை வெட்டுவதற்கு முன் அந்த ஃபீடருக்கு, அதாவது அந்த மின்வழிக்கு, எல்.சி. கேட்பார். துணை மின்நிலையத்தில் அல்லது கம்பத்து ஸ்விட்சில் லைனைத் திறப்பார்கள். திறந்தாகிவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதிக்கவேண்டும். பிறகு வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டவேண்டும். வெட்டி முடித்து, ஆட்கள் இறங்கி, ராடைக் கழற்றி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் லைன் மீண்டும் ஏறும். மழைக்காலத்துக்கு முன் செய்தித்தாள்களில் 'மரக்கிளை அகற்றும் பணி, காலை 10 முதல் மாலை 4 வரை மின்தடை' என்று வருகிறதே, அந்த ஆறு மணி நேரத்தின் உட்பொருள் இவ்வளவும்.

வீட்டுக்காரருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. "இன்னிக்கு பவர் கட்டுதான், இப்பவே வெட்டிடலாம்" என்று கம்பு ரம்பத்தோடு இறங்குபவர்கள் உண்டு. வீட்டில் ஃபேன் நின்றதாலேயே வாசலில் போகும் கம்பி செத்துவிட்டது என்று ஆகாது. கம்பத்தில் இரண்டு ஃபீடர்கள் ஓடலாம். சொன்ன நேரத்துக்கு முன்பே லைன் ஏறலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைச் சரியான சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் கோத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கிருந்து திரும்பிப் பாயும் 415 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து 11 ஆயிரமாக வெளியே வரும். எர்த் ராடு மாட்டுவது இதற்காகத்தான். வீட்டுக்காரரிடம் எர்த் ராடு கிடையாது.

ஆகவே முதல் முடிவு எளிது: கம்பு போகும் வட்டத்துக்குள், கிளை விழும் வட்டத்துக்குள் எந்தக் கம்பியாவது வருமென்றால் அந்த வேலை வீட்டாருடையது அல்ல. கேபிள் டி.வி. ஒயர் என்று நினைத்ததும் இதில் அடக்கம். கீழிருந்து பார்த்து எது எந்தக் கம்பி என்று அடையாளம் சொல்லத் தெரியவேண்டியது பவர்மேனுக்கு.

கம்பியே இல்லாத இடத்திலும் புவியீர்ப்பு இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் கனமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை ஏறத்தாழ 14 கிலோ இருக்கும். இலையும் சிறு கொம்புகளும் அதற்கு மேல். நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடும் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். கம்பு ரம்பத்தின் தனிக் குணம், ஆளை இந்தக் கிளைக்குக் கீழே இழுத்துக்கொண்டு வருவது. கம்பைச் செங்குத்தாகப் பிடித்தால் கை வலிக்காது, எடை தோளில் இறங்கும். எனவே வேலை செய்யச் செய்ய, தன்னை அறியாமல், ஒவ்வொரு அடியாகக் கிளைக்கு நேர் கீழே போய் நிற்பார்கள். கம்பு தரையோடு 60 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது என்று கையேடுகள் சொல்வது இதைத் தடுக்கத்தான். அந்தச் சாய்வில் மூன்று மீட்டர்க் கம்பு பிடித்தால் வெட்டும் இடம் ஆளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும். அதுவே குறைவு. அறுந்த கிளை சில சமயம் கம்பின் மேலேயே விழுந்து, வழுக்கிக்கொண்டு நேராகக் கைக்கு வரும். பின்னால் போக வழி இருக்கிறதா, பூந்தொட்டியோ சாக்கடை மூடியோ காலில் தட்டுமா என்று வெட்டுமுன் பார்த்துவைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

ஏணி மேல் நின்று கம்பு ரம்பத்தைப் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். கிளை அறுந்ததும் அதில் அழுந்தியிருந்த எடை திடீரென்று விடுபட்டுக் கம்பு துள்ளும். ஏணியில் நிற்பவருக்கு அந்தத் துள்ளலைத் தாங்க இரண்டு கால் இடம் இல்லை. சாதாரணச் சங்கிலி ரம்பத்தில் இருக்கும் செயின் பிரேக் பல கம்பு ரம்பங்களில் இருப்பதில்லை. விசையை விட்ட பிறகும் சங்கிலி சற்று நேரம் ஓடும். தலைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2925 முத்திரையுள்ள தொழிற்சாலை ஹெல்மெட் வேண்டும். பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மேலே பார்க்க முடியாது. கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் வேலை முழுக்க அண்ணாந்து பார்த்தபடி, மரத்தூள் நேராகக் கண்ணுக்கு. வயர் போட்ட மாடலானால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) வழியாக இணைப்பு எடுக்கவேண்டும். மழை ஈரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

ஆள் நடமாட்டம் இன்னொன்று. ஸ்டீல் கையேடு பார்வையாளர்களையும் 15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்கிறது. பெங்களூரில் டெலிவரி பைக்குகள் மரம் வெட்டுவதைப் பார்த்து நிற்பதில்லை; கிளை விழுமுன் கடந்துவிடலாம் என்று வேகம் கூட்டுபவர்களே அதிகம். தெருவின் இரு முனையிலும் ஒவ்வோர் ஆள் கயிறு பிடித்து நிற்காமல் சாலைப் பக்கம் சாய்ந்த கிளையில் கை வைப்பது சரியல்ல.

இனி வெட்டு. அலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஒரு விஞ்ஞானி இருந்தார், 2006-இல் மறைந்தார். சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, பழைய வெட்டுகளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தவர். மனிதத் தோல்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, பழுதான பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அதைத் தனிமைப்படுத்துகிறது என்பது அவர் கண்டது. அந்தச் சுவர் எழும் இடம் கிளையின் அடியில் இருக்கும் புடைப்பு. தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளை எதையாவது நெருங்கிப் பார்த்தால், கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கழுத்துப் பட்டிபோல ஒரு வளையம் தெரியும். வெட்டு அதற்கு வெளியே, அதை ஒட்டி விழவேண்டும். தண்டோடு வழவழவென்று மட்டமாக அறுத்தால் சுவரெழுப்பும் திசுவே போய்விடும். ஒரு முழம் விட்டு அறுத்தால் மிச்சக் கட்டை அழுகி உள்ளே இறங்கும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் பயனில்லை என்பதும் ஷைகோ காலத்திலேயே தெளிந்துவிட்டது. நம்மூரில் தார் டப்பா இன்னும் ஓயவில்லை.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. புடைப்பிலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது. இதில் கிளை விழும். கீழ்வெட்டு இருப்பதால் பட்டை தண்டுவரை உரிந்துகொண்டு போகாது. மீந்த கட்டையைப் புடைப்பை ஒட்டி அறுப்பது மூன்றாவது. கையில் ரம்பத்தோடு மரத்தில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. பத்தடிக் கம்பின் கடைசியில் ரம்பம் இருக்கும்போது முதல் வெட்டிலேயே தகராறு. கீழிருந்து வெட்டும்போது சங்கிலி ரம்பத்தை ஆளை நோக்கித் தள்ளும். ரம்பத் தகட்டின் நுனி கட்டையில் முட்டினால் உதைக்கும். மேலிருந்து வெட்டும்போது ரம்பத்தின் எடையே அதை இறக்கும், கட்டுப்பாடு எளிது. ஆகவே பெரும்பாலோர் கீழ்வெட்டை விட்டுவிடுகிறார்கள். கிளை பாதி அறுந்ததும் தானே கிழிந்து, இரண்டடி நீளத்துக்குத் தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும். மணிக்கட்டுக் கனத்துக்கு மேற்பட்ட கிளையில் கம்பு ரம்பம் வைக்கக்கூடாது என்று சொல்வதற்கு மோட்டார் சக்தி காரணமல்ல. பத்து அங்குல ரம்பத் தகடு அதைவிடக் கனத்தையும் அறுக்கும். அறுந்த பிறகு நடப்பதை இத்தனை தூரத்திலிருந்து கட்டுப்படுத்த முடியாது என்பதே காரணம்.

எவ்வளவு வெட்டலாம்? ஒரே பருவத்தில் பசுமையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது உலகெங்கும் மரப் பராமரிப்பாளர்கள் பின்பற்றும் பொது அளவு. நம் தெருக்களில் நடப்பது வேறு. கம்பிப் பக்கத்தை மட்டும் முழுக்கச் சிரைத்துவிட்டு எதிர்ப்பக்கத்தை அப்படியே விடுகிறார்கள். பாரம் சாலைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அடுத்த மே மாதக் காற்றில் விழும் மரங்களைப் பார்த்து "திடீரென்று விழுந்தது" என்று எழுதும் செய்தியாளர்கள், அது போன ஆண்டு எந்தப் பக்கம் வெட்டப்பட்டது என்று ஒரு முறை அண்ணாந்து பார்க்கலாம். உச்சியை மொட்டையடிப்பதும் இதே வகை. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் பட்டையோடு மட்டுமே ஒட்டியவை, இரண்டு மூன்று ஆண்டில் கனத்ததும் முதலில் முறிபவை.

சட்டமும் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த மனையில் நிற்கும் மரமானாலும் வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். சில இனங்களுக்கு மட்டும் விலக்கு. தெருமரம் வீட்டுக்காரருடையதே அல்ல, தன் பால்கனிக்குள் நீண்டாலும். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒற்றை மாநகராட்சி மறைந்து ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற குழப்பம் இப்போது கூடுதல். சிறு கிளைக்குமா அனுமதி என்று கேட்பவர்களுக்கு டில்லி ஓர் உதாரணம். அங்கே 15.7 சென்டிமீட்டர் சுற்றளவு வரையிலான கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்று ஒரு வழிகாட்டுதல் இருந்தது. அதைக் காட்டி மரங்களையே மொட்டையடிக்கிறார்கள் என்று வழக்குப் போய், 2023 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெங்களூரில் விண்ணப்பம் நகரும் வேகத்தைப் பார்த்தால் வீட்டுக்காரர் பொறுமை இழப்பதும் புரியாததல்ல. மழைக்கு முந்தைய நாள் எழுதாமல் ஜனவரியிலேயே எழுதுவதுதான் ஒரே வழி.

ஜனவரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. இலை உதிரும் மரங்களில் கிளைகளின் அமைப்பை அப்போது தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் எந்த மாதமானாலும் வெட்டுமுன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மேலே பார்க்கவேண்டும். உயர்ந்த மரங்களிலும் அடுக்குமாடிச் சன்னல் விளிம்புகளிலும் மலைத்தேனீ கூடு கட்டும் ஊர் இது. மோட்டார் அதிர்வில் அவை கிளம்பினால், நாலு கிலோக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடமுடியாது. கரும்பருந்தின் கூடும் இந்தத் தூங்குமூஞ்சி மரங்களில்தான் இருக்கும்.

எவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் கம்பி அறுந்து விழலாம். 2023 நவம்பரில் ஒயிட்ஃபீல்டு ஹோப் ஃபார்ம் அருகே, நடைபாதையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஒரு தாயும் அவருடைய ஒன்பது மாதக் குழந்தையும் இறந்தார்கள். அது மரம் வெட்டியதால் நேர்ந்ததல்ல, ஆனால் தரையில் கிடக்கும் கம்பியின் குணம் ஒன்றுதான். அதைச் சுற்றி மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். அகல அடி வைத்தால் இரு கால்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே உடலில் பாயும். பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல் ஒட்டினாற்போல் நகர்த்தி விலகவேண்டும், 1912-க்குச் சொல்லவேண்டும், மற்றவர்களைத் தடுத்து நிறுத்தவேண்டும். கம்பு ரம்பத்தோடு ஒட்டிக்கொண்டவரைக் கையால் இழுக்கப் போகிறவர் இரண்டாவது சாவு. குச்சியால் தள்ளலாம் என்பது வீட்டு வயருக்குச் சொல்வது, 11 கே.வி.க்கு அது செல்லாது.

இத்தனைக்கும் பிறகு கம்பு ரம்பத்துக்கு எங்கேதான் இடம்? காம்பவுண்டுக்குள், கம்பியில்லாத பக்கம், காலைத் தரையில் ஊன்றி, மணிக்கட்டுக் கனக் கிளைகளுக்கு. பழைய பெங்களூர் வீடுகளின் பின்கட்டில் நிற்கும் மா, பலா, கொய்யா, பட்டர் ஃப்ரூட் மரங்களுக்கு அது நிஜமாகவே நல்ல கருவி. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்களின் எண்ணிக்கையை அது குறைக்கும். முருங்கைக்கு மட்டும் அதுவும் வீண் செலவு. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடச் சொல்கிறது பி.கே.எம்.-1 ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை. அந்த உயரத்துக்கு ஒரு வெட்டரிவாள் போதும்.